வேனுக்குள் ஒரு தாழ்ப்பாள்

முந்தின நாள் மாலை வேனின் இடதுபக்கத் தகட்டில் நான் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவிட்டு வந்திருந்தேன். மறுநாள் காலை ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதகடிப்பட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனபோது அந்தச் சதுரம் இல்லை. மழையும் பெய்யவில்லை. எனக்கு முன்பே அங்கே வந்திருந்த என் கணவரின் பேன்ட்டில், கை துடைத்த இடத்தில், வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

அது அவர் பல வருஷம் வேலையாட்களை ஏற்றி ஓட்டிய கம்பெனி வேன். முதலாளி விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் நாங்களே வாங்கிவிட்டோம். அதைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேம்பர் வேனாக மாற்றிக் கடற்கரையோரமாகவே தெற்கே கன்னியாகுமரி வரை போவது என்று திட்டம். வரைபடம் நான் போட்டது. நான் சிவில் டிப்ளமோ முடித்தவள். மூலக்குளத்தில் எழும்பும் புது வீடுகளுக்கு பிளான் வரைவதுதான் என் வேலை. என் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் பிளானில் என்ஜினியர் திருத்தம் போடுவது அபூர்வம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

அழிந்த சதுரம், கழிப்பறைத் தொட்டியை வெளியே இழுத்துச் சுத்தம் செய்வதற்கான சின்னக் கதவு.

"யாரு அழிச்சது?" என்றேன்.

"நான்தான். அதான் வேணாம்னு சொன்னேனே."

"அதுக்கு நான் எப்ப சரின்னு சொன்னேன்?"

"கட்டிலுக்குச் சரின்னேன், அடுப்புக்குச் சரின்னேன். கக்கூஸ் மட்டும் வேணாம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுற வண்டி. முன்னாடி சாமி படம் இருக்குன்னு செருப்பக் கழட்டிட்டுத்தான் நான் சீட்டுலயே உக்காருறேன். அதுக்குள்ள போயி..."

வெல்டர் அண்ணன் டீ கிளாஸோடு வந்தார். "தம்பி சொல்றதும் கரெக்டுதான் தங்கச்சி. வாஸ்துன்னு ஒண்ணு இருக்குல்ல. நீ கோடு போட்ட எடம் ஈசானிய மூலை."

"வண்டி திரும்புனா ஈசானியமும் திரும்பும் அண்ணா. அப்ப எந்த மூலையில வைக்கிறது?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "ரிவர்ஸ் எடுத்தா இன்னா ஆவும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லுங்கப்பா. அந்த எடத்துமேல கட்டில் பிரேம் வெல்டு அடிக்கணும். அடிச்சிட்டா அப்புறம் கதவு வெட்ட முடியாது. வெட்டிட்டா தகட்ட மூட முடியாது" என்றார்.

"பிரேம அடிங்க அண்ணே" என்றார் என் கணவர். "வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கு, ஓட்டல் இருக்கு. ஒண்ணும் இல்லன்னா ரோட்டோரம் முள்ளுக்காடு இருக்கு. ஜனங்க போகல?"

"அது இல்லன்னா நான் வரல. நீ தனியா போ."

வீட்டில் நான் அவரை நீ என்பேன். வெளியாள் முன்னால் நீங்கள்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அது தவறியதில்லை. வெல்டர் அண்ணன் தகடு வெட்டும் கிரைண்டரின் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். என் கணவரின் முகம் சிவந்தது. அதை மறைக்கத்தான் சிரித்துக்கொண்டே ஒரு கதையை எடுத்தார் என்று நினைக்கிறேன்.

"ரோட்டோரம்னதும் ஞாபகம் வருது அண்ணே. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பாகூர் பக்கம் மொத டிரிப்பு."

அந்தக் கதை எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் சொல்வார். அப்போதெல்லாம் நான் ஏதாவது சாக்கு வைத்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பட்டறையில் போக இடமில்லை.

"இன்னும் விடியல. ரெண்டு பக்கமும் கரும்பு. லைட்டு பட்டதும் பொம்பளைங்க வரிசையா எழுந்து நிக்கிறாங்க. நம்ம வூடு வில்லியனூரு, வூட்டுலயே கக்கூஸ், எனக்கு இன்னா தெரியும்? கம்பெனிக்குப் போற ஆளுங்கன்னு நெனச்சி வண்டிய நிறுத்திட்டேன். கதவத் தொறந்து, சீக்கிரம் ஏறுங்க, லேட்டாவுதுன்றேன். ஒருத்தியும் அசையல. நான் லைட்டையும் போட்டுக்கினு ஆரன வேற அடிக்கிறேன். கடைசில ஒரு பொம்பள மண்ணாங்கட்டிய எடுத்து வுட்டா பாரு, கண்ணாடியில!"

வெல்டர் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அவங்க எதுக்கு எழுந்து நின்னாங்கன்னு தெரியுமா?" என்றேன்.

"கூச்சம்தான். வேற இன்னா?"

"பாதியில எழுந்து நிக்கணும். வண்டி போற வரைக்கும் நிக்கணும். உக்காந்தா அடுத்த வண்டி வரும், மறுபடியும் நிக்கணும். கரும்பு வெட்டுற மாசத்துல லாரி ஓயாது. பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்னிக்கி வயிறு சரியில்லாம நின்னு நின்னு உக்காந்தேன். ஒருத்தன் வேணும்னே லைட்ட அணைக்காம நிறுத்திட்டுப் பாத்தான். அவனுக்கும் அது காமெடிதான்."

வெல்டர் அண்ணன் தொடையிலிருந்து கையை எடுத்தார். விழுப்புரம் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை இருந்தது. என் முதல் சம்பளத்தில் அஸ்திவாரம் போட்டது. என் வாழ்க்கையில் நான் வரைந்த முதல் பிளான் அதுதான். அதற்கு முன்னால் இருந்ததை யாருக்கும் காட்டத் தேவையில்லை என்று இருந்தேன். இப்போது ஒரு வெளியாள் முன்னால், கிரைண்டர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். தலையைக் குனியக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. குனியவில்லை.

"அது உங்க ஊரு இல்லியே" என்றார் என் கணவர், மெல்ல.

"எந்த ஊரா இருந்தா இன்னா?"

அவர் வேனின் முன்பக்கம் போனார். செருப்பைக் கழற்றினார். ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அப்படிப் போனால் கூப்பிடக் கூடாது, மூலக்குளத்துக்கு பஸ் ஏறிவிட வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா தம்பி, பிரேமா, கதவா?" என்று கேட்டார் வெல்டர் அண்ணன். இரண்டாவது முறை அவர் கேட்கவில்லை.

வண்டி கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் இரண்டு சீட்டுக்கு நடுவில் புகுந்து பின்பக்கம் வந்தார். கழிப்பறை வரவேண்டிய இடத்தில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார்.

"உள்கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"வெளியில. உள்ள எடம் பத்தாது."

"தாழ்ப்பா?"

"உள்பக்கம்."

அவர் தன் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே கையை நீட்டி ஏதோ அளந்தார். "இங்க ஒரு ஸ்கிரீன் போட்டுடணும் அண்ணே. சாமி படத்துக்கு மறைப்பா" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் சாக்பீஸை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "நீயே போடு. அளவு எனக்குத் தெரியாது."

நான் பையை இறக்கிவைத்துவிட்டு டேப்பைப் பிடித்து அளந்து, சதுரத்தை மறுபடியும் வரைந்தேன். இந்த முறை கோட்டை அழுத்திப் போட்டேன்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, பொறி தெறிக்கும்" என்றார் வெல்டர் அண்ணன்.

என் கணவர் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கிரைண்டர் தகட்டைத் தொட்டது. அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.