மாப்பிள்ளைக்கு வைத்த பரீட்சை

எங்கள் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதுதான் காரணம். இரத்தினபுரியில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலில் அவருக்கு வேலை. அது போதாதா? கலவானப் பக்கம் ஒரு முன்பள்ளி டீச்சரைப் பெண் பார்க்கப் போனபோது, தரகர் அதைத்தான் முதலில் எடுத்துவிட்டார். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிப் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று மாமா சொல்லியிருந்தார்.

எனக்குப் பதினொரு வயது. திங்கட்கிழமை இங்கிலீஷ் பரீட்சை. இறந்தகாலச் சொற்களை மனப்பாடம் பண்ண வேண்டும். சில சொற்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். பின்னால் ஓர் ‘எட்’ ஒட்டினால் போதும். மற்றவை அடங்காப்பிடாரிகள். ‘கோ’ என்பது நேற்றைக்கு ‘வென்ட்’ ஆகிவிடும். ஏன் என்று கேட்கக்கூடாது. அதனால் சொற்களை எழுதிவைத்த கொப்பியையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டார். “ஹரி, ஹரி!” என்று சிங்களத்தில் ‘சரி’ போட்டுத் தலையாட்டினார். “மாப்புள இருக்கையில நீ ஏன் தனியா முணுமுணுக்கிற? அவருகிட்டயே கேளு பிள்ள, நாங்களும் கேப்போம்.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எதற்கென்று விளங்காததால் கேட்டேன்.

“கம்?”

“கம்ட்,” என்றார் மாமா கம்பீரமாக.

“பிழை. டேக்?”

“டேக்ட்.”

“பிழை. ஈட்?”

மாமா வாயிலிருந்த முறுக்கை விழுங்கினார். “ஈட்டட்.”

எங்கள் டீச்சர் இழுப்பது போலவே “பி…ழை” என்றேன்.

பெண்ணின் அப்பா பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். “என்னங்க, பொழுதன்னைக்கும் இங்கிலீசுல பேசுறவருன்னீங்க?” தரகர் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். மாமாவின் காலர் நனைந்துவிட்டது.

தேத்தண்ணி கொண்டுவரும் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. அந்த அக்கா திறந்தார்.

“பிள்ள மட்டுந்தான் கேக்கணுமாப்பா? நானும் கேக்குறேன். வாக்?”

“வாக்…ட்,” என்றார் மாமா, கம்பீரம் இல்லாமல்.

“சரி. குக்?”

“குக்ட்.”

“வோஷ்?”

“வோஷ்ட்.”

“எல்லாம் சரிதானே பிள்ள?”

கொப்பியைப் பார்த்தேன். ஆமென்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“பரவாயில்லையே! பிள்ளதான் மாப்புளய பயங்காட்டிருச்சு,” என்று பெண்ணின் அப்பா தட்டை மறுபடி நீட்டினார். மாமா அப்போதுதான் தலையை நிமிர்த்தி அந்த அக்காவைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ரப்பர் மரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது.

“அம்மா, இந்தப் பொண்ணு வேணாம். கஷ்டமானது அவ்வளவு இருக்க, லேசான மூணப் பொறுக்கிக் கேக்குறாங்க. மத்தது தெரியாது போல.”

அம்மா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சராக இருந்துகொண்டு இவ்வளவுதான் படித்திருக்கிறாரே என்று, எங்கள் ஊரான நிவித்திகலவுக்கு வந்து இறங்கும்வரை எனக்கு வருத்தமாகவே இருந்தது.