கொயில்காரன் கொண்டுவந்த பம்ப்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் நண்பர்களுக்குள் மலைப்பனியில் ஓடும் ஸ்னோமொபில் வண்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. போன வருடம் ரூபனும் ஒன்று வாங்கினான். எனக்கு வயிறெரிந்தது.

"மச்சான், காத்தடிக்கிற எயர் ஷொக் போடவோ, ஸ்பிரிங் வச்ச கொயில் போடவோ?" என்று வண்டியின் அதிர்வைத் தாங்கும் ஷொக்கைப் பற்றி என்னிடமே கேட்டான்.

என்னுடையது எயர். பாரம் குறைவு, ஆழப் பனியில் இலகுவாக ஏறும். அவனும் தன் புது வண்டிக்கு அதையே போட்டால் என்னை முந்திவிடுவான்.

"உனக்குக் கொயில் காணும்" என்றேன். நம்பிப் போட்டான்.

பெப்ரவரியில் மேற்கு மலைகளுக்குப் போனோம். சூடான கராஜுக்குள் காற்றடித்துக் கொண்டுபோன என் ஷொக்குகள் அந்தக் குளிரில் அழுத்தம் குறைந்து தொய்ந்துவிட்டன. ஒவ்வொரு மேட்டிலும் முதுகெலும்பு அதிர்ந்தது. அவனோ ஆடாமல் அசையாமல் முன்னே ஏறிக்கொண்டிருந்தான்.

நான் நின்றதைக் கண்டு திரும்பி வந்தான். பையிலிருந்து சின்னப் பம்பை எடுத்து, பனியில் முழங்காலிட்டு என் ஷொக்குக்குக் காற்றடிக்கத் தொடங்கினான்.

"கொயிலுக்குக் காத்தே தேவையில்லை. உது ஏன் உன்னட்ட?"

"உன்ர வண்டிக்குத்தான்ரா வாங்கினனான். குளிருக்க எயர் இறங்கும் எண்டு வாசிச்சனான்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நன்றி அல்ல, இதிலும் முந்திவிட்டானே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.