சுவரில் போட்ட நீலக் கோடு

எண்ணூரில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வருஷா வருஷம் கூடுதலாக ஏறியது. சொன்னால் அதிகாரிகள் நம்பவில்லை. அதனால் தெருக்காரர்கள் கூடி, தண்ணீர் நின்ற உயரத்தில் வீட்டுக்கு வீடு நீலக் கோடு போட்டோம்.

பொங்கல் கழித்து அதிகாரிகள் வந்தபோது ஒரு கோடும் இல்லை. பண்டிகைக்கென்று தெருவே வெள்ளையடித்திருந்தது. முதலில் அடித்தது என் அம்மா. எல்லார் முன்னாலும் அவளிடம் கத்தினேன்.

"இந்தக் கலீஜ வெச்சிக்கினு எப்டி நைனா பொங்கல் வெக்கிறது?" என்றாள், தலைநிமிராமல்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். மறுபடி கோடு போட்டோம். பொங்கலுக்கு மறுபடி எல்லாரும் வெள்ளையடித்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது, எங்கள் சுவரை யாரும் தொடவில்லை.

அதிகாரிகள் வந்து அந்த ஒரு கோட்டை அளந்துகொண்டு போனார்கள்.