மலாகாவில் திறந்திருந்த கதவு

செவ்வாய் காலை ஆறரைக்கு லூட்டன் விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். என் மனைவி சுகந்தியின் கழுத்தில் பதினொரு பவுணில் செய்த தாலிக்கொடி. கடற்கரை விடுமுறைக்கு எதற்கு இவ்வளவு நகை என்று கேட்பீர்கள். போன கோடையில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவிலேயே மூன்று தமிழ் வீடுகளை உடைத்தார்கள். கள்ளருக்கு எங்கள் அலுமாரிகள் மனப்பாடம். வங்கிப் பெட்டகத்தையும் நான் நம்புவதில்லை. ஆகவே கொடியும் ஸ்பெயினுக்கு வந்தது.

மலாகாவில் டாக்ஸி இருபத்தாறு யூரோ. மீட்டரிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. சாரதி கண்ணாடியில் பார்த்து, "லண்டன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு பெட்ரெகலெஹோவில், நகர மையத்திலிருந்து கிழக்கே நாலு கிலோமீட்டர். பூனை நடந்தாலும் கேட்கும் அமைதி. எங்களுக்கு இரண்டாம் மாடி. எதிர்வீட்டுக் கதவு ஒரு முழம் திறந்திருந்தது. உள்ளே ஒரு கதிரை, அதில் எங்கள் வாசலைப் பார்த்தபடி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா.

"காத்துக்குத் திறந்து வைச்சிருக்கிறா போல," என்றாள் சுகந்தி.

"காத்துக்கெண்டால் யன்னலைத் திறக்கலாம்தானே?" என்றேன்.

புதன் காலை பத்து மணி. கடலில் குளிக்கப் போகும்போது கொடி எதற்கு என்று கழற்றி வாங்கினேன். எங்கே போனாலும் எங்களோடு வரும் கறித்தூள் போத்தலுக்குள் அதைப் புதைத்தேன். எந்தக் கள்ளனும் கறித்தூளுக்குள் கைவிடமாட்டான். கதவைப் பூட்டும்போது அந்த அம்மா "ஓலா" என்று வணக்கம் சொன்னார். நாங்கள் வெளியே போகும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார் என்றே நினைத்தேன்.

கடற்கரையில் மணல் நிரப்பிய பழைய படகுகளில் நெருப்பு மூட்டி, மத்தி மீனைக் குச்சியில் குத்திச் சுடுகிறார்கள். ஆறு மீன் மூன்றரை யூரோ. நல்ல ருசி என்று சுகந்தி சொன்னாள். எனக்கு ருசி தெரியவில்லை. கழுத்துவரை மூடிய நீச்சலுடையோடு அவள் அலைக்குள் சிறுபிள்ளைபோல் துள்ளினாள், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். அவள் பாண் வாங்கக் கடைக்குள் நுழைய, நான் மேலே ஓடினேன். போத்தலுக்குள் விரலை விட்டேன். தூள்தான். முழுவதையும் மேசையில் கொட்டினேன். கொடி இல்லை. பெட்ரோல் நிலையத்தில் இரண்டு வருஷம் இரவு ஷிப்ட் செய்து வாங்கிய கொடி.

எதிர்க்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "கொடி எங்கை?" என்று தமிழில் கத்தினேன், பிறகு ஆங்கிலத்தில். அவருக்கு விளங்கவில்லை. என் கழுத்தைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டி, கையை நீட்டினேன்.

அவர் மெல்ல எழுந்தார். தூள் அப்பிச் சிவந்திருந்த என் கையைப் பார்த்தார். பிடரிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கொண்டுபோய், சிலுவை கோத்த தன் மெல்லிய சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

அப்போதுதான் நான் யாராக அங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. சங்கிலியைக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன்.

"என்னப்பா செய்யிறியள்?" வாசலில் பாணோடு சுகந்தி. ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. நீச்சலுடைக் கழுத்துக்குள்ளிருந்து கொடியை இழுத்துக் காட்டினாள். "தூளுக்கை விட்டிட்டு வர எனக்கு மனமில்லை. நீங்கள் சப்பாத்துப் போடேக்கை எடுத்துப் போட்டிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

"சொல்லியிருந்தால் கடலைப் பாக்காமல் என்ரை கழுத்தையே பாத்துக்கொண்டு இருப்பியள்."

அவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா தலையசைத்தார். ஆனாலும் சங்கிலியைப் பொத்திய கையைத் திறக்கவில்லை. அன்று மாலை, தொலைபேசியில் மொழிபெயர்த்து எழுதிய மன்னிப்புக் கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளினேன். பதில் வரவில்லை.

ஞாயிறு காலை புறப்பட்டோம். பதினோராம் நம்பர் பஸ், ஆளுக்கு ஒரு யூரோ நாற்பது சதம். முப்பத்திமூன்று பாகை வெயிலிலும் புதனுக்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவேயில்லை. பெட்டிகளோடு நாங்கள் படியிறங்கும்போது உள்ளே பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் சுழலும் சத்தம் கேட்டது.

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் முன்கதவுக்கு மூன்று பூட்டு. கள்ளருக்குப் பயந்து என்று எல்லாருக்கும் சொல்வேன். இப்போது அவற்றைப் பூட்டும்போதெல்லாம் அந்த அம்மா என் காலடியைக் கேட்டுப் பூட்டிய சத்தம்தான் காதில் விழுகிறது.