சாரல் போட்ட பூ

இன்றைக்கும் வெண்டைக்காயின் காம்பை நறுக்கித் தள்ளும்போது, அந்தப் பச்சை வாசத்தில் எங்கள் தென்காசிப் பள்ளியின் ஓடு வேய்ந்த தையல் வகுப்பு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. அறுபதுகளில் அங்கேதான் நறுக்கிய வெண்டைக்காயை நீலச் சாயத்தில் தொட்டுத் தொட்டு, வெள்ளைத் துணியில் வரிசை பிசகாமல் பூப் பதிப்போம். காய்ந்ததும் பூவைச் சுற்றிச் சங்கிலித் தையல் போடுவோம்.

ஒரு வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு முந்தைய நாள், குற்றாலத்துச் சாரல் எங்கள் பள்ளி வரை வீசும் என்பதை மறந்து, என் துணியை வெளிக்கொடியில் காயப்போட்டேன். எடுக்கப் போனால் பூக்களெல்லாம் கசிந்து, மேகம் மேகமாய்ப் பரவியிருந்தன. நான் அழ, பக்கத்துப் பெஞ்சுச் செண்பகம் ஊசியில் நூலைக் கோத்து நீட்டினாள்.

“ஏட்டி, அழுதா இன்னும்லா நனையும்? கசிஞ்ச ஓரத்துலயே தைச்சுக்கிட்டுப் போ.”

தைத்தேன். மறுநாள் தையல் டீச்சர், “இந்த டிசைனை எங்க பாத்தே?” என்று வியந்து முதல் பரிசு கொடுத்தார்.

“சாரல் போட்டது டீச்சர்!” என்று செண்பகம் உளறிவிட்டாள்.

மறுவருடம் மொத்த வகுப்பும் துணிகளைக் கொடியில் விரித்துவிட்டு, மலையைப் பார்த்துக் காத்திருந்தது. அந்த வருடம் பார்த்துச் சாரல் சீசன் பொய்த்துவிட்டது. செண்பகம்தான் பள்ளித் தோட்டத்துப் பூவாளியைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.