அடிப்பக்கத்துப் பூ

லா சப்பல் கடைத்தெருவில் மகள் வேலை செய்யும் தையல் கடைக்கு முதல் தடவையாக வந்திருக்கிறேன். சட்டை தைப்பதோடு நில்லாமல் இங்கே மணிவேலையும் பழகியிருக்கிறாள். மரச்சட்டத்தில் இறுக்கிய பட்டில் கொக்கி ஊசி ஓடுகிறது. எனக்கு நூல் மட்டுமே தெரிகிறது.

"மணியள் எங்கை பிள்ளை?"

"அடியிலை அப்பா. இது பின்பக்கத்தாலை செய்யிற வேலை. கையை விட்டுப் பாருங்கோ."

பட்டுக்குக் கீழே விரலில் ஒரு பூ இதழ் இதழாகத் தட்டுப்படுகிறது.

பதினாறு வயதில் அவள் பூ தைத்த சட்டத்தை, படிப்புக் கெடுகிறதென்று முழங்காலில் வைத்து முறித்தவன் நான். அது பிழை என்று இன்றுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஊசி நிற்கிறது. அவள் நிமிரவில்லை.

"சட்டம் ஆடுது. மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. இதையும் முறிச்சுப் போடாதேங்கோ."

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.