ஒரு கேன் நல்ல தண்ணீர்

விபத்தில் சிக்கிய அரசு வாகனத்தை, உரிய அலுவலர் பார்வையிட்டு எழுத்தில் அனுமதி தரும்வரை ஓட்டக் கூடாது. உடனிருந்த ஊழியர் தாம் கண்டதையும் கேட்டதையும் ஏழு நாட்களுக்குள் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகக் காரின் லாக் புத்தகத்தில், முதல் பக்கத்திலேயே இவ்விரண்டு விதிகளும் ஒட்டியிருந்தன. ஒட்டியவன் நான்தான். அதிகாரியின் சுற்றுப்பயணங்களில் கூடப்போகும் குமாஸ்தா என்பதால் விதிகள் எனக்கு மனப்பாடம். கடைப்பிடிப்பது என் வேலையில் சேராது என்று நினைத்திருந்தேன்.

டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காரின் டிக்கியில் எப்போதும் ஒரு கேன் வைத்திருப்பார். காலையில் வேலூர் சத்துவாச்சாரிக் குழாயில் அதை நிரப்பிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். ஆம்பூர்ப் பக்கம் போனால் தோல் பதனிடும் ஷெட்டுகளைச் சுற்றியுள்ள கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. "உப்புத் தண்ணி மனுசனுக்கும் ஆவாது, எஞ்சினுக்கும் ஆவாது சார்" என்பார். பாதி எங்களுக்கு, பாதி ரேடியேட்டருக்கு. அவர் ஓட்டிய காலத்தில் அந்த வண்டி வழியில் நின்றதில்லை. அது ஒன்றுதான் அவருக்கிருந்த பெருமை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைப் பகல். ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்த அதிகாரிக்கு நாற்றம் தாங்கவில்லை. கேனை எடுக்கச் சொல்லிக் கால் கழுவினார், செருப்பைக் கழுவினார், மறுபடியும் கால் கழுவினார். டிரைவர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், கொஞ்சம் கம்மியா..."

"ஏன்யா, உங்க வீட்டுத் தண்ணியா? போற வழியில ரொப்பிக்கோ."

ஊரைத் தாண்டியதும், முன்னால் போன லாரியிலிருந்து உப்பு தடவிய பச்சைத் தோல் ஒன்று வழுக்கிச் சாலையில் விழுந்தது. லாரிக்காரர் சட்டென்று நிறுத்தினார். எங்கள் காரின் முகம் லாரியின் பின்பலகையில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டர் கிழிந்து, தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், இங்கியே நிறுத்திடணும். இதுக்கு மேல ஓட்டினா எஞ்சின் போய்டும்."

"ஓடுதுல்ல? ஓட்டு. காட்பாடியில ரயிலு எனக்காக நிக்காது."

"ரூல் இருக்குது சார். இதோ சாரே ஒட்டி வச்சிருக்காரு" என்று லாக் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ரூலு எனக்கா சொல்லித் தர்ற? எடுய்யா வண்டிய!"

டிரைவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அதற்கான வாய் என்னிடம் இருந்தது. நான் புளிய மரங்களைப் பார்த்தேன்.

சூடு காட்டும் முள் ஏற ஏற நிறுத்தி ஊற்றினோம். மிச்சமிருந்த நல்ல தண்ணீர் இரண்டு தடவைக்குத்தான் வந்தது. மூன்றாம் தடவை சாலையோரத்துத் தோல் ஷெட் கிணற்றிலிருந்து கேனை நிரப்பி வந்தேன். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. "அரை மணி ஆறட்டும் சார், சூட்டுல ஊத்தினா வெடிச்சிடும்" என்று டிரைவர் கெஞ்சினார். அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊத்து" என்றார். டிரைவர் ஊற்றினார். உள்ளே எதுவோ 'டக்' என்றது. அப்படியும் அதிகாரி ஓட்டச் சொன்னார். பள்ளிகொண்டாவுக்கு முன்னால் எஞ்சின் முனகி, இறுகி, நின்றது. டிரைவர் வெறுங்கையைப் பானெட்டின்மேல் வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

அதிகாரி ஒரு லாரியை மறித்து ஏறினார். அவர் பெட்டியோடு நானும் ஏறினேன். "டிரைவரண்ணே, வேலூர்ல இருந்து மெக்கானிக்க அனுப்புறேன், தண்ணியும் அனுப்புறேன்" என்று காலிக் கேனையும் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் அனுப்பவில்லை. ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று காட்பாடியில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, அதிகாரி அறிக்கை சொல்ல நான் எழுதினேன். 'எனது கண்டிப்பான தடையையும் மீறி ஓட்டுநர் வாகனத்தைத் தொடர்ந்து இயக்கியதால் எஞ்சின் முற்றிலும் பழுதடைந்தது.' மறுநாள் பிழையில்லாமல் தட்டச்சும் செய்தேன்.

விசாரணை விதிப்படி நடந்தது. சாட்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. டிரைவரை வேலையை விட்டு நீக்கி, வண்டிக்கு வேறு எஞ்சின் மாட்டினார்கள். எஞ்சினை எரித்தவர் என்ற பேர் வாலாஜாபேட்டை வரை போயிற்று. யாரும் அவரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு தோல் ஷெட்டில் லாரி கழுவும் வேலைதான் கிடைத்தது. ஒருநாள் அலுவலக வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"பின்னால உக்காந்து நீங்க கேட்டீங்க இல்ல சார்?"

"கேட்டேன்."

"அத்த எழுதுங்க சார். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த வண்டிய எடுத்துட்டு ஊருக்குள்ள போய்ட்டு வரணும். எல்லாரும் பாக்கணும். அது போதும்."

எழுதுகிறேன் என்றேன். ஏழு நாளில் அனுப்பியிருக்க வேண்டிய வாக்குமூலத்தை, இரண்டு வருடம் கழித்து, அந்த அதிகாரி மாற்றலாகிப்போன மறுநாள் அனுப்பினேன். தாமதம் ஏன் என்று கேட்டார்கள். உடல்நிலை என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். என்னுடைய பொய்கள் எல்லாமே நல்ல வடிவத்தில் இருந்தன.

அதற்குப் பின் மூன்று வருடம் பதிலில்லை. டிரைவர் மாதம் ஒருமுறை வருவார். "தபால் எதனா வந்துச்சா சார்?" பிறகு கேட்பதை விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவார். கைகளில் சுண்ணாம்பும் உப்பும் அரித்த வெடிப்புகள். ஒருமுறை மட்டும், "என் கேன் உங்ககிட்ட இருக்குதா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். வண்டி கிடைச்சதும் வாங்கிக்கிறேன்" என்றார்.

பதில் வந்தது. என் வாக்குமூலம் ஏற்கப்பட்டது. ஓட்டுநர்மீது குற்றமில்லை. உடனடியாகப் பணியில் சேரலாம். உறையோடு அவர் வீட்டுக்குப் போனேன். படிக்கச் சொல்லி நின்றபடியே கேட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் என் வாயால் கேட்க வேண்டுமென்றார். முடித்ததும் சட்டையைத் தேடினார்.

"அப்போ நாளைக்குக் காலைல வண்டிய எடுக்கலாமா சார்?"

அவருடைய பணிப் பதிவேட்டில் பிறந்த தேதியை மையில் எழுதி வைத்திருப்பவனும் நான்தான். ஐம்பத்தெட்டு முடியும் மாதத்தின் கடைசி நாளோடு பணி முடிகிறது என்ற விதியை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தலைமை அலுவலகம் மூன்று வருடம் எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய என்னுடைய இரண்டு வருடத்தில் ஒரு வாரத்தைக் குறைத்திருந்தால் போதும், அவர் ஆசைப்பட்ட ஒரு நாள் கிடைத்திருக்கும்.

கேன் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. அதன் அடியில் அந்தக் கிணற்று உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எத்தனை கழுவியும் போகவில்லை. அவருடைய பணிக்காலம் செப்டம்பர் முப்பதோடு முடிந்தது. பதில் வந்த தேதி, அக்டோபர் ஒன்று.